அலுமாரியில் உள்ளதும் அமானிதமே!



பெருநாள் நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "இந்தப் பெருநாளைக்கு என்ன உடுப்பு எடுக்கிறது?" என்பதுதான். "போன பெருநாளைக்கு எடுத்த உடுப்பு இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. வாங்கும்போது காட்டுகின்ற ஆவலில் பாதியைப் பேணுவதில் காட்டினால், முதற் கேள்வியே பல வீடுகளில் எழாமற் போகும்.

2022ஆம் ஆண்டில் நாடு கண்ட பொருளாதார நெருக்கடியை எந்த இல்லத்தரசியும் மறந்திருக்க மாட்டார். அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. பின்னர் அது இறங்கியது உண்மைதான். ஆனால் பணவீக்கம் இறங்கியது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள். ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது என்று பொருளல்ல. துணிக்கடைக்குப் போய் வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு வருடம் உழைக்கின்ற அபாயாவை மூன்று வருடம் உழைக்கச் செய்தால் இரண்டு அபாயாவின் பணம் வீட்டில் மிஞ்சும். அது பிள்ளையின் வகுப்புக் கட்டணமாகலாம், மாமியின் மருந்தாகலாம்.

அதற்காக, அழுக்கோடும் கந்தலோடும் இருப்பதுதான் பேணுதல் என்று எண்ணிவிட வேண்டாம். ஆடையை மானத்தை மறைப்பதற்கும் அலங்காரத்துக்கும் உரிய அருட்கொடையாக அல்குர்ஆனின் 7ஆவது அத்தியாயம் 26ஆவது வசனம் குறிப்பிடுகின்றது. அதே அத்தியாயத்தின் 31ஆவது வசனம் அலங்காரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வீண்விரயத்தையும் தடுக்கின்றது. அழுக்கான ஆடையோடு இருந்த ஒருவரைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதைக் கழுவிக்கொள்ள அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லையா என்ற கருத்தில் வினவியதாக ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் வந்திருக்கின்றது. புதிது வாங்க அவருக்கு வசதியில்லையா என்று அங்கே கேட்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உடுப்பு இரண்டு வழிகளில் அழிகின்றது. ஒன்று, கவனமின்றிக் கழுவிக் காயவைத்து அழுத்துவதால். மற்றையது, 'நல்ல நாளைக்கு' என்று பூட்டி வைத்து மறந்து விடுவதால். முதலாவதை எல்லோரும் அறிவோம். இரண்டாவதால் ஏற்படும் நட்டம்தான் பல வீடுகளில் பெரிது. இரண்டையும் பார்ப்போம்.

கறுப்பு அபாயா ஏன் நரைக்கிறது?

"வாங்கும்போது கன்னங்கரேல் என்று இருந்தது, ஆறு மாதத்தில் சாம்பல் பூத்துவிட்டது" என்பது நம் சகோதரிகளின் பொதுவான முறைப்பாடு. சாயம் போய்விட்டதென்று கடைக்காரரைத் திட்டுகின்றோம். அபாயாத் துணிகளிற் பெரும்பாலானவை பொலியெஸ்டர் வகையைச் சேர்ந்தவை. அதில் ஏற்றிய சாயம் இலகுவிற் கழன்று போவதில்லை. பல வேளைகளில் நாம் காணும் நரை, சரியாக அலசப்படாத சவர்க்காரத் தூளின் படிவுதான்.

புத்தளம், யாழ்ப்பாணம் போன்ற சுண்ணக்கல் நிலப் பகுதிகளின் கிணற்று நீரில் இந்தத் தொல்லை அதிகம். அங்குள்ள வன்னீரோடு கட்டிச் சவர்க்காரம் சேரும்போது நுரை வராது, வெண்படலம்தான் வரும். அந்தப் படலம் கறுப்புத் துணியில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே,

அபாயாவை உட்புறம் வெளியே வரத் திருப்பி, குளிர்ந்த நீரிற் கழுவுங்கள். உரசல் உட்புறத்தோடு நின்றுவிடும்.

தூளை நீங்கள் வழமையாகப் போடும் அளவிற் பாதியாகக் குறைத்து, முதலில் நீரில் நன்றாகக் கரைத்த பிறகே உடுப்பைப் போடுங்கள். தூள் கூடினால் அழுக்குக் கூடுதலாகப் போகும் என்பது தவறான எண்ணம்.

கடைசியாக அலசும் வாளியில் அரைக் கோப்பை வெள்ளை வினாகிரி விட்டு, அபாயாவை ஐந்து நிமிடம் ஊறவிட்டுப் பிழியாமல் தொங்கப் போடுங்கள். படிவு கரைந்து கறுப்பு மீண்டும் தெரியும். உலர்ந்த பின் வினாகிரி வாசனை இருக்காது.

நிழலில் காயவையுங்கள். வெயில் எந்தச் சாயத்துக்கும் பகைதான்.

அழுத்தும்போதும் கவனம் வேண்டும். பொலியெஸ்டர் சூட்டில் இளகும் தன்மை உடையது. சூடான ஸ்திரிக்கை நேரடியாகப் பட்டால் இழைகள் தட்டையாகிப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு பிறகு போகவே போகாது. உட்புறமாகத் திருப்பி, மேலே மெல்லிய பருத்தித் துணி ஒன்றை விரித்து, குறைந்த சூட்டில் அழுத்துங்கள். குளியலறையில் சுடுநீர் பாவிப்பவர்கள் அந்த ஆவியில் அபாயாவைச் சிறிது நேரம் தொங்கவிட்டாலே பெரும்பாலான சுருக்கங்கள் விழுந்துவிடும்.

அக்குளில் வெள்ளை வெள்ளையாகத் தெரிவது வியர்வை உப்பும் நாற்றம் போக்கும் பூச்சும் சேர்ந்த படிவு. கழுவுவதற்கு முன் அந்த இடத்தை மட்டும் வினாகிரி கலந்த நீரில் நனைத்து, பழைய பற்தூரிகையால் மெதுவாகத் தேயுங்கள். பொலியெஸ்டர் உடல் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே வியர்த்த அபாயாவை மடித்து அலுமாரியில் வைக்காமல், வீட்டுக்கு வந்தவுடன் காற்றாடத் தொங்க விடுங்கள். இந்த ஒரு பழக்கத்தினாலேயே கழுவும் தடவைகள் பாதியாகக் குறையும்.

ஷோல்களை ஒரே இடத்தில் ஊசி குத்தி அணிந்தால் அந்த இடம் துளையாகும். துருப்பிடிக்காத மெல்லிய ஊசியைப் பாவியுங்கள். இடத்தையும் மாற்றிக் குத்துங்கள். கழற்றும்போது ஊசியைத் துணியிலேயே விட்டுவிடாதீர்கள். மழைநாளில் ஓர் இரவு போதும், துருக் கறை விழுவதற்கு. இன்னொன்று: தலைமுடி ஈரமாக இருக்கும்போது ஷோலைச் சுற்றாதீர்கள். துணியும் நாறும், தலையும் அரிக்கும்.

வெள்ளை வெள்ளையாகவே இருக்க

பாடசாலை செல்லும் பெண்பிள்ளையின் வெள்ளைச் சீருடையும் பர்தாவும், வாப்பாவின் ஜும்ஆ ஜுப்பாவும் தொப்பியும் உம்மாமாருக்கு வாராந்தம் வருகின்ற பரீட்சை. மஞ்சளாகிவிட்டது என்று கண்டவுடன் குளோரின் கலந்த வெளுக்கும் திரவத்தை ஊற்றுவது நம் வழமை. அது வெளுக்கும், அதே நேரம் பருத்தி நூலையும் அரிக்கும். அடிக்கடி பாவித்தால் முழங்கையிலும் கழுத்திலும் துணி தானாகவே பிய்ந்து வரும். உங்கள் கிணற்று நீரில் இரும்பு இருந்தால் குளோரின் அந்த இரும்பைத் துருவாக்கித் துணியிற் படிய வைக்கும். வெளுக்கப் போட்டது இன்னும் மஞ்சளாவதன் இரகசியம் இதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெளுக்கும் திரவத்தோடு வினாகிரியையோ தேசிக்காய்ச் சாற்றையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதிலிருந்து நச்சு வாயு எழும். காற்றோட்டமற்ற குளியலறையில் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

வேறு வழி என்ன? இரண்டு மேசைக்கரண்டி அப்பச் சோடாவை வெந்நீரிற் கரைத்து, தூளோடு சேர்த்து, வெள்ளைப் பருத்தி உடுப்பை ஒரு மணித்தியாலம் ஊற வையுங்கள். பின் கழுவி, ஈரத்தோடு வெயிலில் விரித்துப் போடுங்கள். கறுப்புக்குப் பகையான வெயில் வெள்ளைக்கு நண்பன். கடைசி அலசலில் நம் உம்மம்மாமார் போட்ட நீலம் வெறும் பழக்கமல்ல. மஞ்சளின் மேல் மெல்லிய நீலம் படியும்போது கண்ணுக்கு அது வெள்ளையாகத் தெரியும். நீலத்தை ஒரு துணியில் முடிந்து நீரிற் கலக்கிவிட்ட பிறகே உடுப்பைப் போடுங்கள். இல்லாவிட்டால் புள்ளி விழும்.

கறை பட்டவுடன்

கறைக்கு மருந்து நேரம்தான். காய்ந்த கறையோடு ஒரு மணித்தியாலம் போராடுவதை விட, பட்டவுடன் ஒரு நிமிடம் செலவிடுவது இலேசு. தேய்க்காமல் முதலில் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கறை பரவும்.

இரத்தக் கறை: குளிர்ந்த நீர் மட்டுமே. சுடுநீர் பட்டால் இரத்தத்திலுள்ள புரதம் வெந்து நூலோடு இறுகிவிடும்.

கறி, மஞ்சள்: சவர்க்காரம் போட்டவுடன் சிவந்து போவதைக் கண்டு பயப்பட வேண்டாம். மஞ்சளின் இயல்பு அது. நன்றாகக் கழுவி வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறத்தை வெயில் மெல்ல மெல்ல அழித்துவிடும்.

எண்ணெய், நெய்: பிரியாணிச் சஹனில் உட்கார்ந்தெழும்பினால் வருவது இது! முகப்பவுடரையோ கோதுமை மாவையோ தடவி அரை மணித்தியாலம் விட்டுத் தட்டிவிடுங்கள். பின் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டுக் கழுவுங்கள்.

தேநீர்: உடனே குளிர்ந்த நீரில் அலசி, வினாகிரி கலந்த நீரில் ஊற வையுங்கள்.

துரு: தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, பின் நன்றாக அலசுங்கள். இது வெள்ளைத் துணிக்கு மட்டும்.

பலாப்பால்: முதலிற் தேங்காயெண்ணெய், பிறகுதான் சவர்க்காரம்.

எதுவானாலும், கறை போய்விட்டதென்று நிச்சயமாகும் வரை ஸ்திரிக்கை போடாதீர்கள். சூடு கறையை நிரந்தரமாக்கிவிடும்.

பூட்டி வைத்தால் பத்திரமா?

இனி இரண்டாவது வகை அழிவுக்கு வருவோம். கலியாணச் சாரியை பொலித்தீன் பையிலிட்டு, பூச்சி உருண்டை இரண்டைப் போட்டு, அலுமாரியின் மேற்தட்டில் வைத்துவிட்டால் அது மகளின் கலியாணம் வரை இருக்கும் என்று நம்புகின்றோம். பொலித்தீனுக்குள் ஈரம் அடைபட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பல வருடம் ஒரே மடிப்பில் இருக்கும் பட்டு அந்த மடிப்பிலேயே வெடிக்கும். வெள்ளிச் சரிகை காற்றும் ஈரமும் பட்டுக் கறுக்கும்.

பட்டுச் சாரியைக் கழுவிய வெள்ளைப் பருத்தித் துணியிற் சுற்றி வையுங்கள். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒரு தடவை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். மேல் மாகாணத்தில் இருப்பவர்கள் தென்மேற்குப் பருவ மழை முடிந்த பிறகும், கிழக்கில் இருப்பவர்கள் மார்கழி, தை மழை ஓய்ந்த பிறகும் முழு அலுமாரியையுமே ஒருநாள் திறந்து காற்றாட விடுவது நல்லது. அத்தரோ வாசனைத் திரவியமோ சரிகையில் நேரடியாகப் படக் கூடாது.

மருதமுனைக் கைத்தறிச் சாரி, சாரம் வைத்திருப்பவர்கள் முதல் இரண்டு மூன்று தடவைகள் அவற்றைத் தனியாகக் குளிர்ந்த நீரிற் கழுவ வேண்டும். உப்பில் ஊற வைத்தால் சாயம் இறுகிவிடும் என்று பலர் சொல்வார்கள். நெய்து முடிந்த துணியின் சாயத்தை வீட்டு உப்பு இறுக்குவதில்லை. தனியாகக் கழுவுவதே பாதுகாப்பு. கஞ்சி போட்ட பருத்தியை நீண்ட காலம் மடித்து வைக்காதீர்கள். வெள்ளிப்பூச்சிக்குக் கஞ்சி விருந்து. கஞ்சியைக் கழுவிவிட்டு வைத்து, உடுக்கப் போகும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

பூச்சி உருண்டை பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் நப்தலீன் என்னும் இரசாயனம். பிள்ளை பிறக்கப் போகும் வீட்டில் மூத்த பிள்ளையின் பழைய சட்டைகளையும் துணிகளையும் அந்த உருண்டையோடு வைத்திருந்து, அப்படியே எடுத்துக் கைக்குழந்தைக்கு உடுத்துவது ஆபத்து. ஜி6பிடி எனப்படும் நொதியம் பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு, நப்தலீன் ஆவியால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சட்காமாலை வரலாம். குழந்தைக்கு அந்தக் குறை இருப்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரியாது. ஆகவே குழந்தை உடுப்போடு உருண்டையை வைக்கவே வேண்டாம். காய்ந்த வேப்பிலை, கராம்பு, வெட்டிவேர் ஆகியவற்றை மெல்லிய துணியில் முடிந்து மூலைக்கு ஒன்றாக வையுங்கள். மணம் குறைந்தால் மாற்றுங்கள்.

சப்பாத்தும் கைப்பையும் நகையும்

பெட்டியோடு பத்திரமாக வைத்த சப்பாத்தைக் கலியாணத்துக்குப் போட்டுக்கொண்டு போக, மண்டபத்து வாசலிலேயே அடி துண்டு துண்டாக உதிர்ந்த கதை பல வீடுகளில் உண்டு. சாமான் கூடாது என்று சொல்லிவிடுகின்றோம். மென்மையான அடிகளும் போலித் தோலும் பெரும்பாலும் பொலியூரித்தேன் என்ற பொருளாற் செய்யப்பட்டவை. காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்ல உடைக்கின்றது. நம் நாட்டு ஈரலிப்பில், மூடிய பெட்டிக்குள் இது ஓசையின்றி நடக்கின்றது. நீங்கள் பாவிக்காமல் விட்டதனால் அதன் ஆயுள் கூடவில்லை. ஆகவே போலித் தோற் கைப்பை, சப்பாத்து ஆகியவற்றைப் பாவித்து அனுபவிப்பதே இலாபம். பாவித்த பின் உலர்ந்த துணியால் துடைத்து, உள்ளே வெள்ளைக் கடதாசி திணித்து, காற்றுப் படும் தட்டில் வையுங்கள். பத்திரிகைத் தாள் வேண்டாம், மை ஒட்டும். சாமான்களோடு வரும் சிறு சிலிக்கா பொட்டலங்களை எறியாமல் கைப்பைக்குள் போடுங்கள். ஆனால் சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்க நகைக்கு இளஞ்சூட்டு நீரும், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளியும், மிருதுவான பற்தூரிகையும் போதும். நம்முடைய 22 கரட் தங்கத்தில் 91.6 சதவீதம்தான் பொன். மீதி செம்பும் வெள்ளியுமே. வெளுக்கும் திரவம் அந்தக் கலவையைத் தாக்கும். ஆகவே உடுப்புக் கழுவும்போது மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். பற்பசை போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், உண்மைதான். அதிலுள்ள நுண்துகள்கள் பொன்னைச் சுரண்டுவதால் வந்த பளபளப்பு அது.

பேருவளை சீனங்கோட்டைப் பக்கத்துச் சகோதரிகளுக்கு நாம் கல்லைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. நீலக்கல்லும் மாணிக்கமும் கடினத்தில் வைரத்துக்கு அடுத்தவை. முத்தோ மிக மிருதுவானது. எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி வைத்தால் கல் முத்தையும் பொன்னையும் கீறிவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனித் துணிப்பையில் வையுங்கள். முத்துக்கு வினாகிரியும் தேசிக்காயும் ஆகவே ஆகாது. அமிலம் முத்தைக் கரைக்கும். வாசனை பூசி முடிந்த பிறகு கடைசியாக முத்தை அணிந்து, வீட்டுக்கு வந்ததும் முதலாவதாகக் கழற்றுங்கள்.

வெள்ளிக் கொலுசு கறுத்துவிட்டதா? கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, ஒரு மேசைக்கரண்டி அப்பச் சோடா போட்டு, கொதிநீர் ஊற்றி, கொலுசு தாளைத் தொடும்படி சில நிமிடம் வையுங்கள். வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிடும். தேய்க்கவே தேவையில்லை. கல் பதித்த நகைக்கு இந்த முறை வேண்டாம்.

ஊசியும் நூலும்

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, தமது ஆடையைத் தாமே தைப்பார்கள், செருப்பைத் தாமே சீர்செய்வார்கள் என்ற கருத்தில் ஆயிஷா (ரழி) அவர்கள் பதிலளித்ததாக முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. தைத்து உடுத்துவதில் வெட்கப்பட நமக்கு என்ன இருக்கின்றது?

அபாயாவின் கீழ்விளிம்பு நிலத்தில் உரசி நைந்தால் கால் அங்குலம் உள்ளே மடித்துத் தைத்து விடலாம். கைமுனை நைந்தால் ஒரு ரேந்தை பிடிக்கலாம். கழன்ற பொத்தானை அன்றைக்கே தைத்தால் ஒரு பொத்தான்தான் செலவு. தொலைந்த பிறகு என்றால் எல்லாப் பொத்தானையும் மாற்ற வேண்டி வரும். கிழமையில் ஒருநாள் அஸருக்குப் பிறகு அரை மணித்தியாலம் இதற்கென்று வையுங்கள். மகளையும், முடிந்தால் மகனையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். சுன்னத்தான ஒரு பழக்கத்தைப் பிள்ளைகள் கற்றுக்கொண்டதாகவும் இருக்கும்.

உங்களுக்கென்று ஒரு சிறு நேரம்

சகோதரியே, இவ்வளவும் உடுப்புக்கும் நகைக்கும். அவற்றை அணிகின்ற உங்களுக்கு?

வெளியே போகும்போது மட்டும் நல்ல உடுப்பு, வீட்டுக்குள் சாயம் போன, பொத்தான் கழன்ற உடுப்பு என்பது நம்மிற் பலரின் வழக்கமாகிவிட்டது. ஊரார் சில மணித்தியாலம்தான் நம்மைப் பார்க்கின்றனர். கணவரும் பிள்ளைகளும் நாள் முழுவதும் பார்க்கின்றனர். எல்லோருக்கும் மேலாக, கண்ணாடியில் உங்களை நீங்களே பார்க்கின்றீர்கள். அலுமாரியில் 'நல்ல நாளைக்கு' என்று தூங்கும் பருத்திச் சல்வார் ஒன்றை இந்த வெள்ளிக்கிழமை வீட்டிலேயே உடுத்துங்கள். நல்ல நாள் என்று தனியாக ஒன்று வர வேண்டியதில்லை.

மருதோன்றியை எடுத்துக்கொள்வோம். பெருநாளுக்கு மட்டும் என்று ஏன் வைக்க வேண்டும்? ஒரு கோப்பை மருதோன்றித் தூளைச் சலித்து, தேசிக்காய்ச் சாறு விட்டுக் கட்டித் தயிர்ப் பதத்தில் குழைத்து, ஒரு தேக்கரண்டி சீனி சேர்த்து, மூடி ஓர் இரவு வையுங்கள். சீனி காய்ந்து உதிராமற் பிடித்துக்கொள்ளும். இஷாத் தொழுதுவிட்டு இட்டு, சுபஹுக்கு வுழூச் செய்யுமுன் சுரண்டி எடுத்தால் தொழுகைக்கும் இடையூறில்லை. தோலில் ஊறிய நிறம் நீரைத் தடுக்காது. மேலே காய்ந்திருக்கும் பசைதான் தடுக்கும். நகப்பூச்சுக்கும் மருதோன்றிக்கும் உள்ள வித்தியாசம் இதுவே. சுரண்டிய பின் சில மணித்தியாலம் சவர்க்காரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலிற் செம்மஞ்சளாகத் தெரியும் நிறம் இரண்டு நாட்களில் கருஞ்சிவப்பாகும். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்காகத்தான் சந்தையில் 'கறுப்பு மருதோன்றி' விற்கின்றார்கள். மருதோன்றி இலை கறுப்புச் சாயம் தருவதில்லை. உடனே கறுக்கும் கூம்புகளில் பெரும்பாலும் தலைமயிர்ச் சாயத்துக்கான பிபிடி என்ற இரசாயனம் கலந்திருக்கும். அது தோலைக் கொப்பளிக்கச் செய்து தழும்பாக்கலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது ஆயுள் முழுவதும் நிற்கும். பிற்காலத்தில் மயிருக்குச் சாயம் பூசினாலும் முகம் வீங்கும். பிள்ளைகளின் பிஞ்சுக் கைகளுக்கு அதை இடவே வேண்டாம்.

இதே கவனம் வேறு இரண்டு பொருட்களிலும் தேவை. சில சுர்மாக்களில் ஈயம் இருக்கின்றது. கைக்குழந்தையின் கண்ணுக்கு அது வேண்டாம். விபரம் எதுவும் அச்சிடாத டப்பாவில், ஒரே கிழமையில் வெள்ளையாக்குவதாகச் சொல்லி விற்கும் கிறீம்களிற் பல பாதரசம் கலந்தவை. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அல்லாஹ் தந்த நிறத்துக்கு ஒரு குறையும் இல்லை, சகோதரியே. அதற்குத் தேவையானது கொஞ்சம் பராமரிப்பு மட்டுமே.

அந்தப் பராமரிப்புக்குச் செலவும் அதிகமில்லை. கிழமைக்கு ஒருநாள் கால்களை இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் வைத்து, குதிக்காலை மெதுவாகத் தேய்த்து, ஈரம் துடைத்தவுடன் தேங்காயெண்ணெய் தடவி, பழைய காலுறையை மாட்டிக்கொண்டு தூங்குங்கள். குதிவெடிப்பு மெல்லக் குறையும். குளித்த பின் உலர்ந்த மயிரைச் சாம்பிராணிப் புகையில் ஒரு நிமிடம் விரித்துக் காட்டிப் பாருங்கள். வாசனை பூசிக்கொண்டு வெளியே செல்வதை மார்க்கம் பெண்களுக்குத் தடுத்திருக்கின்றது, வீட்டினுள் தடுக்கவில்லை. கணவர் வாங்கித் தந்த அத்தரைக் குப்பியிலேயே வற்ற விடாமல், வீட்டில் இருக்கும்போது ஒரு துளி பூசுங்கள். அத்தரும் வெயிலும் சூடும் பட்டால் கெடும். ஆகவே இருண்ட, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

கொடுப்பதும் பேணுவதே

ஒரு வருடம் முழுவதும் எடுக்கப்படாமலே அலுமாரியில் இருந்த உடுப்பு உண்மையில் யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். அது இன்னொருவருக்குத் தேவையானது. நம்மிடம் தங்கி இருக்கின்றது, அவ்வளவுதான். சாயம் போய், கிழிந்து, இனி உதவாது என்றான பிறகு கொடுப்பது ஸதகாவின் அழகல்ல. நாம் நேசிக்கும் பொருளிலிருந்து செலவிடாத வரை நன்மையை அடைய முடியாது என்ற கருத்தை அல்குர்ஆனின் 3ஆவது அத்தியாயம் 92ஆவது வசனம் நமக்கு உணர்த்துகின்றது. கழுவி, பொத்தான் தைத்து, அழுத்தி, மடித்துக் கொடுங்கள். வாங்குபவர் பழையதை வாங்கினோம் என்று கூசாமல், பரிசு கிடைத்தது என்று மகிழட்டும். நன்றாகப் பேணியவரால்தான் நன்றாகக் கொடுக்கவும் முடியும்.

இன்றைக்கே பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். அலுமாரியின் ஒரேயொரு தட்டை மட்டும் திறந்து, உள்ளதை வெளியே எடுங்கள். உடுக்கக் கூடியதைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். தைக்க வேண்டியதை ஊசிப் பெட்டியோடு வையுங்கள். கொடுக்க வேண்டியதைக் கதவோரம் வையுங்கள். மற்றத் தட்டுகளை அடுத்த கிழமை, இன்ஷா அல்லாஹ், பார்த்துக்கொள்ளலாம்.

அல்லாஹ் நமக்குத் தந்தவற்றை விரயமாக்காமல் அனுபவிக்கவும், அனுபவித்ததிலிருந்து மனமுவந்து கொடுக்கவும் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.